பாறை மேல் கொட்டிய மண்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதம், பாலக்காட்டு எல்லையில் வடகரப்பதி பக்கம் குடிவந்தேன். அதுவரை மூணாறு பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டும். என் வீட்டுக்காரர் அதற்கு மூன்று வருடம் முன்பே தவறிப்போய்விட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் தன்னோடு வரச்சொன்னான். ஒரே அறையில் அவர்கள் நாலு பேர். ஐந்தாவதாக நான் எங்கே படுப்பது? விலை மலிவாகக் கிடைத்தது என்று ஐந்து சென்ட்டும் சின்ன வீடும் வாங்கிக்கொண்டேன். மலிவுக்குக் காரணம் வந்த பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்தது நிலமே இல்லை, சரிவாகக் கிடந்த ஒரே பாறை.

மகன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தைக்குள்ள இதுல காய் பறிச்சுக் காட்டுதேன். முடியலைன்னா வித்துட்டு உன்கூட வந்துருதேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்க எனக்குத் தெரியாது.

கோடையில் வற்றிக் கிடந்த குளத்தில் வண்டலை வெட்டி, சிமெண்ட் சாக்கில் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தேன். கொழுந்து மூட்டை சுமந்த தலைதானே. பாறைமேல் தேங்காய் மட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் சருகு, சாணி, அடுப்புச் சாம்பல், கடைசியில் வண்டல். ஒரு நாளைக்கு ஆறு சுமை. சாணியை ரோட்டில் பொறுக்கிக்கொள்வேன். சரிவுக்குக் கீழே நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிற ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளிடம் கேட்டிருக்கலாம், ஆனால் கேட்கவில்லை.

வேலையைவிடப் பேச்சில்லாததுதான் கொன்றது. லயத்தில் ஒரு தும்மல் போட்டால் அடுத்த வீட்டிலிருந்து என்ன என்று கேட்பார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்யும்போது, வாரம் முழுக்கப் பேசாமல் இருந்த தொண்டை கரகரக்கும். சளியா என்று கேட்பான், ஆமாம் என்பேன். ஊர்க்காரர்கள் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டார்கள். மரியாதைதான். எனக்கோ, நீ விருந்தாளி, அப்படியே இரு என்று தள்ளி வைப்பது மாதிரி இருந்தது. நானும் முகத்தை இறுக்கிக்கொண்டேன். சில சாயங்காலங்களில் அந்தப் பாறையிடம் பேசியிருக்கிறேன். அழுதும் இருக்கிறேன்.

புரட்டாசியில் மண் ஒரு சாண் உயரம் வந்துவிட்டது. கத்தரி நாற்று நட்டேன், அவரை ஊன்றினேன். பிறகு, முப்பது வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா? மண்ணில் வடிகால் வெட்டினேன். மலையில் ஓயாத மழை. தண்ணீர் நின்றால் வேர் அழுகும், வடிகால் அடைபடக் கூடாது என்று எங்களை விரட்டுவார்கள். அதே மாதிரி சரிவைப் பார்த்து நாலு வடிகால், நூல் பிடித்தாற்போல.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் மழை பிடித்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வடிகாலில் தண்ணீர் ஜோராக ஓடுகிறதே என்று சந்தோஷம் வேறு! தண்ணீர் கலங்கலாகி, செம்பழுப்பாகி, சாணிச் சக்கையும் சருகும் மிதந்து போனபோதுதான் விஷயம் உறைத்தது. வெளியே ஓடினேன். வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். மழை விடும்போது பாறை கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. நாற்றுகள் வேர் தெரியப் படுத்துக் கிடந்தன.

எட்டு மாதச் சுமை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், திருப்பூருக்குப் போவதென்று. காலையில் கீழ்வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்லப் போனேன். என் சேறெல்லாம் அவள் வாசலில்தான் போய் விழுந்திருக்கும், வசவு வாங்கிக்கொண்டே போய்விடலாம் என்று நினைத்தேன்.

அவள் வாசலில் தென்னந்தடி ஒன்று குறுக்கே கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் என் மண். இடுப்பு உயரத்துக்குக் குவித்து, மேலே தீவனச் சாக்குகளைப் போட்டு மூடியிருந்தாள்.

"மன்னிச்சிரு தங்கச்சி, உன் வாசலைப் பாழாக்கிட்டேன்" என்றேன்.

"உங்க மண்ணுதானுங்கக்கா. நேத்து மழையில தடியப் போட்டு நிறுத்தினனுங்க. பாதிதான் நின்னுது, மீதி பள்ளத்துல போயிருச்சுங்க."

நான் ஜன்னலில் உட்கார்ந்து வடிகாலை ரசித்த அதே நேரம் அவள் மழையில் நின்றிருக்கிறாள்.

"எட்டு மாசமா நீங்க தலச்சொமையா கொண்டாந்து கொட்டறதப் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். ரோட்டுல எங்கூட்டு மாட்டுச் சாணியத்தான் பொறுக்கீட்டுப் போவீங்க. கூப்பிட்டுக் குடுக்கோணும்னு நெனப்பனுங்க. நீங்க இந்தப் பக்கம் மூஞ்சியவே திருப்பமாட்டீங்க" என்றவள், சட்டென்று சிரித்துவிட்டாள். "ஏனுங்கக்கா, இங்க பேயறதே நாலு மழை. அதுக்கும் போறதுக்கு வழி வெட்டி உட்டீங்களே!"

நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். ஊருக்குப் போகிறேன் என்று சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

இருவருமாக மூன்று நாள் அந்த மண்ணை மேலே ஏற்றினோம். சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கி வரப்பு கட்டினோம். வடிகால் கிடையாது. சாணி அவள் கொட்டகையிலிருந்தே வந்தது. தைக்கு மகன் வந்தபோது கத்தரி பூத்திருந்தது, காய்க்கவில்லை. அவரைக்காய் மட்டும் ஒரு கை இருந்தது. அவன் அதைப் பொரியலாகத் தின்றான், வித்துட்டு வா என்று கேட்காமல் தனியாகவே ஊருக்குக் கிளம்பினான்.

இன்னும் சில சாயங்காலங்களில் வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது. இருந்தாலும், யாருமே இல்லை என்று பாறையைப் பார்த்து அழுதேனே, அந்த எட்டு மாதமும் ஒருத்தி கீழே நின்று என் ஒவ்வொரு சுமையையும் பார்த்துக்கொண்டிருந்தாள், நான்தான் ஒரு நாளும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.