வேனின் நீலக் கூரைத் துணி

வளைகுடாவிலிருந்து திரும்பிய அண்ணன் பழைய வேன் ஒன்றை வாங்கி, ஊர் ஊராகப் போகவும் அதிலேயே சமைத்து உறங்கவும் ஏற்றபடி மாற்றினான். அதன் உட்கூரைக்குத் துணி தேர்ந்தெடுத்தவள் நான். இளநீலப் பருத்தியில் பொடி வெள்ளைப் பூக்கள். அப்போது அவனுக்குத் திருமணமாகவில்லை; எதையும் என்னைக் கேட்டே வாங்குவான்.

ஐப்பசி மழையில் கூரைச் சன்னலின் விளிம்பு கசிந்து, படுக்கைக்கு நேர் மேலே தாம்பாளம் அளவுக்குப் பழுப்புக் கறை படிந்தது. கசிவை அண்ணன் அடைத்துவிட்டான்; கறை மட்டும் நின்றது. அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகியிருந்தது.

"இதை மாத்திரலாம்ங்க. மெரூன் கலர்ல ரெக்சின் போட்டா தொடச்சு விட்டுறலாம்," என்றார்.

"அதுவும் சரிதான்," என்றான் அண்ணன். என் பக்கம் திரும்பவில்லை.

"ஒரு நாள் பொறு. நான் தொடச்சுப் பாக்குறேன்," என்றேன். கறை போகாவிட்டால் துணி போய்விடும். அந்த வேனில் என்னுடையது என்று வேறெதுவும் இல்லை.

"பாரு, பாரு. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி அண்ணாந்து படுத்துத் துணியப் படி," என்று சிரித்தான்.

மறுநாள் அவன் பஸ்ஸில் அன்னவாசலுக்குப் போனதும், சோப்புத்தூள் கரைத்த போர் கிணற்றுத் தண்ணீரால் கறையை மட்டும் தேய்த்தேன். மதியம் காய்ந்தபோது, பழைய கறையைச் சுற்றி உப்புப் பூத்த இன்னொரு வளையம் எழுந்திருந்தது.

அண்ணி எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, போர் தண்ணியவா ஊத்துன? அது வாளியவே வெள்ளையாக்கிருமே!"

குடிநீர்க் கேனைத் தூக்கி வந்தார். "கறைய மட்டும் நனைச்சா ஓரத்துல வளையம் கட்டத்தான் செய்யும். இந்தத் தையல்லேருந்து அந்தத் தையல் வரைக்கும் மொத்தமா நனைக்கணும். என் பட்டுச் சேலையில பட்டு அறிஞ்சது. நான் நனைக்கிறேன், நீ துண்டால ஒத்தி எடு."

மாற்றச் சொன்னவரே என் துணிக்காகக் கைவலிக்க உழைத்தார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. காலை முழுவதும் எனக்கு இணங்காத துணி, அண்ணனைப் போலவே, அவர் கைபட்டதும் இணங்கிற்று.

மாலையில் துணி காய்ந்தபோது கறையின் சுவடே இல்லை. அண்ணன் ஏறிப் பார்த்தான்.

"அட, புதுசாட்டம் இருக்கே! யாரு வேலை?"

"நான்தான்," என்றேன், அண்ணி வாய் திறக்கும் முன்பே.

அவர் என்னை ஒருகணம் பார்த்தார். "அவதாங்க. காலையிலேருந்து உள்ளயே கெடந்தா."

"அப்ப ரெக்சின் வேணாம்," என்றான் அவன்.

அடுத்த ஞாயிறு நார்த்தாமலைக்கு அந்த வேனில் போனோம். உடன் வந்த உறவினர்களிடம் அண்ணன் கூரையைக் காட்டி, "என் தங்கச்சி சுத்தம் பண்ணது," என்றான். "பொறுமையான புள்ள," என்று அண்ணியும் சேர்த்துச் சொன்னார். அவர் குரலில் குத்தல் இருக்கிறதா என்று கூர்ந்து கேட்டேன். இல்லை. இருந்திருந்தால் அவரை வெறுக்க எனக்கொரு காரணம் கிடைத்திருக்கும்.