ஓட்டையில்லாத குடுவை

கண்ணாடி ஊதுவதில் அன்றும் சரி, இன்றும் சரி, எனக்குத் தலைக்கனம் உண்டு. நான் ஒட்டிய இடத்தில் காற்று கசியாது. திருப்பதியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் ஊர் ஆந்திராவில் இருக்குமா, மதராஸுக்குப் போகுமா என்பதே முடிவாகவில்லை. எல்லையை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், வேலை நிரந்தரமானால் போதும் என்றிருந்தேன்.

பேராசிரியர் கேட்டபடி ஒரு குடுவைக்குள் இன்னொரு குடுவை வைத்து ஊதிக் கொடுத்தேன். இரண்டும் சூடு தாங்கும் கண்ணாடி. உள்குடுவையில் இருந்த காற்றை முழுக்க இறைத்துவிட்டு, வெளிக்குடுவையில் ஹீலியம் நிரப்பி, உலையில் வைத்தார். மறுநாள் உள்குடுவையில் அழுத்தம் ஏறியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம்.

“இன்னாபா, ஜாயின்ட்ல ஓட்டைய வெச்சிக்கினு வந்துட்டியா?” என்றார்.

எங்கள் ஆய்வகத்தில் கசிவு என்று பேச்சு வந்தாலே, ஓட்டையைத் தேடுவதற்கு முன் அரக்கை உருக்கிப் பூசிவிடுவார்கள். உலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கழுத்து முழுக்கப் பூசினார்கள். ஹீலியம் இருப்பதோ உலைக்குள்ளே. சொன்னால் யார் கேட்டார்கள்? அழுத்தம் பாட்டுக்கு ஏறியது. புது ஆள் வேண்டும் என்று பேராசிரியர் அலுவலகத்துக்குக் கடிதமே எழுதிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது.

“ஒரு வாரம் குடுங்க சார். ஹீலியத்த எடுத்துட்டு ஆர்கான் அடைக்கிறேன். ஓட்டையா இருந்தா அதுவும் உள்ள போவணும் இல்ல?”

யோசித்துவிட்டுத் தலையாட்டினார். உள்குடுவையை மறுபடி முழுக்க இறைத்தேன். அதே குடுவை, அதே சூடு. ஒரு வாரம் அழுத்தமானியில் பாதரசம் அசையவில்லை. மறுபடி ஹீலியம் அடைத்தேன். அடுத்த நாளே ஏறியது.

கண்ணாடி பார்வைக்குத்தான் கெட்டி. உள்ளே அணுக்கள் ஒழுங்கில்லாமல் கோத்துக்கொண்ட வலை. ஹீலியம் ஒரு பக்கம் கண்ணாடியில் கரைந்து, இடுக்கு இடுக்காக நகர்ந்து, மறுபக்கம் வெளியேறுகிறது. சூடு கூடினால் வேகமும் கூடும். ஆர்கான் பருத்த ஆள், நுழையவே முடியாது. பேராசிரியருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாதரசத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை என்னிடம் நீட்டினார். “நீயே கிழிச்சிப் போட்டுடுபா.”

“கிழிக்க மாட்டேன் சார். என் ஜாயின்ட்ல ஓட்டை இல்லேன்னு அதுலயே எழுதி அனுப்புங்க.”

என்னை முறைத்தார். பிறகு பேனாவைத் திறந்து, புது ஆள் என்ற வரியை அடித்துவிட்டு, இணைப்பில் குறையில்லை, இவரையே நிரந்தரமாக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதுவரை விறைப்பாக நின்ற எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.