மிதித்தது என் கால்

"பிரேக் ஹார்டா இருக்கு" என்று யாராவது வண்டியைக் கொண்டுவந்தால், இப்போதெல்லாம் நான் உடனே பானெட்டைத் திறப்பதில்லை. முதலில் அவரையே சீட்டில் உட்காரவைத்து, "நீங்களே மிதிங்க சார், நான் பாக்கறேன்" என்று கதவோரம் குந்திக்கொள்கிறேன். சென்னீர்குப்பத்தில் என் ஷெட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்து அடுக்குமாடிகளில் இருக்கும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். முதுகில் பையோடு அவசரத்தில் நிற்பார்கள். இந்த ஆளுக்கு வேலை தெரியுமா என்பதுபோல் பார்ப்பார்கள். பார்க்கட்டும். வேலை தெரியும் என்ற திமிரில்தான் நான் ஒரு மனிதரைக் கோட்டைவிட்டேன்.

அவரை நான் அண்ணாத்தே என்பேன். அவர் என்னை நைனா என்பார். ஆவடி சேக்காட்டுக்காரர். சொந்தமாக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓட்டினார். பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஆயில் மாற்றுவதற்குக்கூட வேறு ஷெட்டுக்குப் போனதில்லை. அவர் இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்பு ஒரு நாள் காலையில் வந்து, "பெடலு கல்லு மாரி கீது நைனா. மிதிச்சா எறங்கவே மாட்டேங்குது" என்றார். அப்படித்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அவரை இறக்கிவிட்டு நான் ஏறினேன். என்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதித்தேன். பெடல் இறுகியது. மிதித்த காலை எடுக்காமலே சாவியைத் திருப்பினேன். நல்ல வண்டியாக இருந்தால் என்ஜின் ஓடத் தொடங்கியதும் பெடல் காலுக்குக் கீழே லேசாக இறங்க வேண்டும். இறங்கவில்லை. பிரேக்குக்கு உதவி செய்கிற பூஸ்டருக்கு என்ஜினின் இழுவை போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அது இல்லாவிட்டால் மொத்த பாரமும் ஓட்டுகிறவர் காலில்தான். பானெட்டைத் திறந்து காது கொடுத்தேன். பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் வளைவில் உஸ்ஸென்று சத்தம். விரல்நகம் அளவுக்கு ஒரு விரிசல். புதுக் குழாய் போட்டதும் பெடல் பதமாக இறங்கியது. குழாயில் விரிசல் இருந்தது நிஜம். அந்த நிஜம்தான் எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றியது.

இரண்டு வாரத்தில் அதே புகாரோடு திரும்பி வந்தார். நான் மிதித்தேன், வெண்ணெயாய் இறங்கியது. "இன்னா அண்ணாத்தே, ஊட்ல சோறு போடலியா? போய் நாஷ்டா துன்னுட்டு வா" என்று கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. அவர் மனசுக்காகப் பூஸ்டரையே மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு பேர் பார்க்க, "வண்டில ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் வயசாயிடுச்சு. வண்டிய வித்துட்டு ஊட்ல குந்து" என்று கத்தினேன்.

அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் ஏறினார். வலது கால் செருப்பு தரையில் சரக் சரக்கென்று இழுபட்டது. என் கண் அதைப் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை. மூன்று முறையும் பெடலை மிதித்தது என் கால்தான். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வழக்கம் அது. வண்டி வந்து நின்றதும் ஓட்டிவந்தவரை இறக்கிவிட்டு நாமே ஏறி உட்கார்ந்துவிடுவோம். அவரை ஒரு தரம் மிதிக்கச் சொல்லிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

பத்து நாள் கழித்து நசரத்பேட்டை பக்கம் நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் போய் மோதினார். அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், எனக்கு போன் செய்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நெற்றியில் தையல் போட்டிருந்தார்கள். "ரெண்டு காலாலயும் மிதிச்சேன் நைனா" என்றார், நான் திட்டிவிடுவேனோ என்று பயந்தவர்போல. அப்போது வந்த டாக்டரம்மா, சின்ன வயசுதான், அவர் பாதத்தில் தன் உள்ளங்கையை வைத்து, "காலால என் கையைத் தள்ளுங்க" என்றார். இடது கால் தள்ளியது. வலது பாதம் லேசாக அசைந்ததே தவிர அழுத்தவில்லை. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒரு மாதமாக நான் செய்யாத சோதனை அது.

நரம்பு தேய்ந்துகொண்டே போகும் நோய் என்றார்கள். கால், கை, நாக்கு என்று ஒவ்வொன்றாக ஓயும், நிறுத்த மருந்தில்லை என்றார்கள். முன்பே தெரிந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா எனக்குச் சமாதானம் சொன்னார். எனக்கு மனசு ஆறவில்லை. நோயை நான் கொடுக்கவில்லை. நாலு பேர் எதிரில் அந்த அவமானத்தைக் கொடுத்தது நான்தான்.

வண்டியைச் சரிசெய்து சேக்காட்டில் அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு வருஷம் அங்கேயே நின்றது. கடைசியில் வேறு ஒருவருக்குக் கொடுப்பதென்று முடிவானது. வண்டியைக் கொடுப்பதற்கு முந்தின நாள், அண்ணாத்தே ஒரு தரம் அதில் உட்கார வேண்டும் என்று சைகை காட்டினார். அண்ணியும் நானும் தூக்கி உட்காரவைத்தோம். உடம்பு அத்தனை லேசாகிவிட்டிருந்தது. "சாவிய... திருப்பும்மே" என்று அண்ணியிடம் குழறினார். நான் கதவோரம் குந்தி, அவர் வலது பாதத்தை எடுத்து பெடல்மேல் வைத்து, அதன்மேல் என் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினேன். அண்ணி அந்தப் பக்கமிருந்து எட்டிச் சாவியைத் திருப்பினார். அண்ணாத்தே பாதத்தோடு சேர்ந்து பெடல் மெல்ல இறங்கியது.

"இப்ப எறங்குது பாரு நைனா" என்றார், ஒவ்வொரு சொல்லாக. "அன்னிக்கே... சொன்னேன்ல... கோளாறு கீதுன்னு."

"ஆமா அண்ணாத்தே. நான்தான் சரியா பாக்கல."

அண்ணி என்ஜினை அணைக்கப் போனார். வேண்டாம் என்று அவர் தலையை அசைத்தார். நான் கையை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தேன்.