காரைதீவு வாசலில் நின்ற ரஊப் மச்சான்

வெள்ளிக்கிழமை காலை கடைக்கதவைத் திறந்துகொண்டிருந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது. "காக்கா மௌத்தாப் பெய்த்தாராம்" என்றாள். இறந்துபோன அவளுடைய மூத்த சகோதரர் ரஊப் எனக்கு மச்சான் மட்டுமல்லர், தொழில் கூட்டாளியும்கூட. சாய்ந்தமருதில் காஸ் அடுப்பும் பிரிஜ்ஜும் திருத்தும் கடையை இருவரும் சேர்ந்தே நடத்திவந்தோம்.

அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மச்சான் அடக்கமான மனிதர் அல்லர். வாய் நிறையக் கதைப்பார். கல்முனையில் தன்னைப்போல் வேலை தெரிந்தவன் இல்லை என்று வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே சொல்லுவார். கேட்க எங்களுக்கும் பிடிக்கும்.

ஒருநாள் காரைதீவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் சிவலிங்கம் சேர் தமது வானைக் கொண்டுவந்தார். உள்ளே படுக்கை, அடுப்பு, காஸில் ஓடும் சிறிய பிரிஜ். முன்பெல்லாம் கால்நடையாகக் கதிர்காமம் போய்வந்த தம்பதி அவர்கள். மனைவிக்குச் சீனி வருத்தம் முற்றி நடக்க இயலாமல் போனதும், வானிலாவது போய் நேர்த்திக்கடனை நிறைவேற்ற எண்ணினார்கள். அந்த அம்மாவின் இன்சுலின் மருந்துக்குத்தான் அந்தப் பிரிஜ்.

பிரிஜ்ஜின் பொத்தானை அழுத்தினால் பொறி தட்டியது, சுடரும் பிடித்தது. கையை எடுத்தவுடன் அணைந்தது. மச்சான் இன்னும் சற்று நேரம் அழுத்திப் பிடித்தார். சுடர் நின்றது.

"பேர்னரக் கழட்டிப் பாத்தீங்களா தம்பி?" என்று சேர் கேட்டார்.

"எல்லாம் பாத்திட்டன் சேர். இந்தப் பெட்டி கதிர்காமம் என்ன, மக்கா வரைக்கும் போகும்."

சுடர் எரியும் அந்தப் பேர்னரை அவர் கழற்றவே இல்லை. பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன்.

போகும் வழியில் பொத்துவிலில் தங்கிய இரவு சுடர் அணைந்துவிட்டது. விடிந்து பார்த்தபோது மருந்து முழுவதும் சூடேறியிருந்ததால் அதை ஏற்றப் பயந்தார்கள். அதே மருந்து அங்கே கிடைக்கவில்லை. அம்மாவுக்குத் தலைசுற்றத் தொடங்க, வானைத் திருப்பிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் தேறி வீடு வருவதற்குள் கதிர்காமத் திருவிழாவின் தீர்த்தம் முடிந்துவிட்டது.

சேர் தொலைபேசியில் நடந்ததை மட்டும் சொன்னார், ஏசவில்லை. மச்சான் என்னைப் பார்த்து, "றோட்டுக் குலுக்கல்ல அணைஞ்சிரிக்கும் எண்டு செல்லுவமா?" என்றார். பிறகு அவரே, "வேணாம். வண்டிய எடுங்க" என்றார்.

காரைதீவில் சேரின் வீட்டில் உள்ளே வரச் சொல்லியும் அவர் வாசலைத் தாண்டவில்லை.

"அம்மா, பிழை றோட்டுல இல்ல, காஸிலயும் இல்ல. நான் கழட்டிப் பாக்காம, பாத்த எண்டு பொய் செல்லிட்டன்."

அம்மா, "இந்த வருசம் போயிட்டுத்தானே, தம்பி" என்று மட்டும் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

முற்றத்தில் நின்ற வானுக்குள் ஏறி மச்சான் பேர்னரைக் கழற்றினார். மேலே இருக்கும் புகைக்குழாயிலிருந்து உதிர்ந்த துருத்தூள் அதை அடைத்திருந்தது. சுடரின் சூடு பட்டுக்கொண்டிருந்தால்தான் காஸைத் திறந்து வைத்திருக்கும் ஒரு மெல்லிய செப்புக்கம்பி உண்டு. மெலிந்துபோன சுடர் அதை எட்டவே இல்லை. தூரிகையால் தட்டித் துடைக்கக் கொஞ்ச நேரமே போதுமாயிருந்தது. சுடர் நீலமாக நிமிர்ந்து நின்றது. மச்சான் அதைப் பார்த்துக் கண்கலங்கினார். சேர் கொண்டுவந்த தேத்தண்ணீரை அவராலும் குடிக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

இதை எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் யாராவது புகழ்ந்தால் இந்தக் கதையை முதலில் சொல்லுபவர் அவர்தான். "பத்தவெச்சாப் போதாது, நிண்டு பாக்கணும்" என்பார். அடுத்த வருடம் அவர்கள் புறப்படுமுன் போய், அரைநாள் சுடருக்கு முன்னால் குந்தியிருந்துவிட்டு வந்தார். அவர்களும் நல்லபடியாகப் போய்வந்தார்கள். அப்படியிருந்தும் காரைதீவைக் கடக்கும்போதெல்லாம் மோட்டார் சைக்கிளில் என் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்வார்.

ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்குமுன் வீட்டார் சார்பில் நான் கதைக்க வேண்டியிருந்தது. "மச்சானால ஆருக்கும் மனவருத்தம் இருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க" என்றேன். ஒழுங்கையில் நின்ற கூட்டத்திலிருந்து சேரின் குரல் வந்தது.

"எங்களுக்கு ஒண்டுமில்ல, தம்பி. மனுசியும் அப்பிடித்தான் சொல்லிவிட்டவ."

அன்று தலையாட்டிய எனக்கும் அந்தப் பிழையில் பங்கு உண்டு. என்னால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சந்தூக்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தேன்.

மச்சான், நீங்கள் வெட்கப்பட்டதையெல்லாம் இறைவன் உங்கள் நன்மையாக ஏற்றுக்கொள்ளட்டும்.