தோல் காயும் நேரத்துக்குள் ஒரு நாடகம்

மாலை நாலரை மணி. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி கொழுந்து நிறுக்கும் மடுவத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தேன். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கூடைகளோடு நிறுவைக்காக வரிசையில் நின்றார்கள். அவர்களில் என் மகளும் ஒருத்தி. அவள் முறை வந்தபோது, கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக நின்ற பெரிய கங்காணி தன் வெள்ளிப்பூண் கைத்தடியின் நுனியைக் கூடையின் விளிம்பில் வைத்து மெல்ல ஒரு தள்ளுத் தள்ளினான். அவள் பகலெல்லாம் பறித்த கொழுந்து சேற்றில் கொட்டியது.

“எல்லாம் முத்தல். வாத்தியார் மகளுக்கு எது கொழுந்து எது முத்தலுன்னு தெரியாதா? அப்பன் ஊருக்கெல்லாம் பாடஞ் சொல்றாரு, வீட்டுல சொல்லலியோ?”

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“என்ன பாக்குற? பொறுக்கு. ஒன்னு விடாமப் பொறுக்கு.”

அவள் மண்டியிட்டுப் பொறுக்கினாள். அவன் அவளைச் சுற்றி நடந்தான். தடியால் தரையைச் சுட்டிக் காட்டினான். “அந்தா அங்க ஒன்னு. இந்தா இங்க ஒன்னு விட்டுட்ட.” மற்றவர்களின் நிறுவை அதுவரை நின்றது. நானும் நின்றேன். நான் வாயைத் திறந்தால் மறுநாள் எங்கள் சட்டி பானை ரோட்டில் கிடக்கும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் பக்கங்களில் அவனை ‘அவர்’ என்று எழுதப் போவதில்லை. வாயால் கொடுத்த மரியாதையே போதும்.

கொழுந்து முத்தலில்லை. அதற்கு முந்திய கிழமை அவன் தன் அக்காள் மகனுக்கு என் மகளைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான். நாங்கள் தரவில்லை. அவ்வளவுதான் காரியம். வாத்தியார் மகள் கொழுந்து பறிப்பானேன் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். ஹாலிஎலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் வீடு என்பது வேலைக்குப் பேர் கொடுத்தவர்களுக்குத்தான். வாத்தியார் வேலை அந்தக் கணக்கில் சேராது. என் மனைவிக்கு நெஞ்சுச் சளி. ஆகவே மகள் பேர் கொடுத்தாள்.

அன்று முதல் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போவாள், மாலையில் வருவாள், சோறு வைத்தால் சாப்பிடுவாள். தாய் கேட்டால் தலையாட்டுவாள். என்னைப் பார்க்கவே மாட்டாள். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து உள்ளங்கைகளை விரித்து விரித்துப் பார்ப்பாள். தேயிலை மலையில் பள்ளத்துக்கும் பாறைக்கும் குறைவில்லை. அவள் வீடு திரும்பக் கொஞ்சம் தாமதமானாலும் பாதி வழிக்குப் போய் நிற்பேன். மகள் திரும்பப் பேச வேண்டும், அவன் குனிய வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில்தான் வேண்டினேன். பிரித்து வேண்ட எனக்குத் தெரியவில்லை.

என் கையில் இருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் மலையில் மூடுபனி தப்பு மேளத்தின் தோலைத் தளர்த்திவிடும். திருவிழாவில் அடிக்கடி ஆட்டத்தை நிறுத்தி, மானாப் புல்லைக் கொளுத்தி, தப்பைத் தீயில் காட்டித் தோலை இறுக்குவார்கள். அந்த இடைவேளையில் கூட்டம் கலைந்துவிடாமலிருக்க யாராவது இரண்டு பேர் வட்டத்துக்குள் வந்து எதையாவது நடித்துக் காட்டுவார்கள். தோல் காய்ந்து முதல் அடி ‘டண்’ என்று விழுந்ததும் போய்விட வேண்டும். பாதியில் நின்றாலும் சரி, அதற்கு மேல் அவர்களுக்கு இடமில்லை. ஒரு வெற்றிலையை மென்று துப்பும் நேரம்கூட இராது.

நான் பதுளையில் தகரக் கொட்டகை போட்ட நாடகக் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றது. அங்கிருந்து திரைச்சீலைகளையும் ஆர்மோனியத்தையும் மாட்டு வண்டியில் ஏற்றி வருவார்கள். ராஜா உள்ளே வரவே ஒரு பாட்டு, உட்கார ஒரு பாட்டு. பிள்ளையைப் பறிகொடுத்த ராணி அரை மணி நேரம் பாடி அழுவாள். நானும் மூக்கைச் சிந்துவேன். வீடு வந்து சேர்வதற்குள் மறந்துபோவேன்.

ஆனால் தோல் காயும் நேரத்தில் பார்த்த ஒன்றை இன்றுவரை மறக்க முடியவில்லை. இரண்டு பேர் தலையில் ஆளுக்கொரு மூட்டையோடு வட்டத்தைச் சுற்றி நடந்தார்கள். பேச்சில்லை. இன்னொரு சுற்று வரும்போது பின்னால் வந்தவன் கொஞ்சம் தளர்ந்திருந்தான். முன்னவன் திரும்பிப் பார்த்து நின்று, பிறகு நடந்தான். அடுத்த சுற்றில் ஒருவன்தான் வந்தான். அவன் தலையில் இரண்டு மூட்டைகள் இருந்தன. தப்பு முழங்கியது. அவ்வளவே. இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைக்கு நடந்து வந்த சனம் அது. ஒரு கிழவர் அந்த இரண்டாவது மூட்டையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். யார் செத்தது, எங்கே புதைத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் ஆளை அந்த மூட்டைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

குறுநாடகத்தின் பலம் அதுதான் என்று அன்று எனக்கு விளங்கியது. மிச்சத்தைப் பார்ப்பவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். தாங்களே போட்டதை அவர்களால் உதற முடிவதில்லை.

பங்குனித் திருவிழா நெருங்கியதும் நான் எழுத உட்கார்ந்தேன். கங்காணிக்குக் கழுதைக் காது வைத்தேன். எமனைக் கூட்டி வந்து எருமையால் மிதிக்க விட்டேன். வெண்பாவில் திட்டினேன், விருத்தத்தில் திட்டினேன். கை ஓய்ந்தபின் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்:

“கேட்டா அந்தாளு சந்தோசப்படுவாரு. நம்மள இவ்வளவு நேரம் பேசுறாங்களேன்னு.”

எழுதியதைக் கோபத்தோடு அடிக்கத் தொடங்கினேன். எமன் போனான், எருமை போயிற்று, கழுதைக் காது போயிற்று. மடுவத்துக் காட்சியை அப்படியே வைத்துப் பார்த்தேன். என் மகளாக ஒருவன் மண்டியிடுவதை எழுதக் கை வரவில்லை. அவளை ஊர் முன்னால் இன்னொரு தடவை மண்டியிட வைக்கவா? அவளையும் எடுத்தேன். கடைசியில் மிஞ்சியவை ஒரு வெறுங்கூடை, ஒரு தடி, ஒரு ஆள். அதற்குப் பிறகுதான் யார் பொறுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவர் திருவிழாக்களில் கோமாளி வேஷம் கட்டுவார். அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“கறுப்புக் கோட்டு போட்டா ஆள் தெரிஞ்சிருமே, வாத்தியாரய்யா.”

“தெரியணும்.”

“கோவிச்சா?”

“மஞ்சத் தண்ணி அன்னிக்கு யாரும் கோவிக்கக் கூடாது. அம்மனுக்கு ஆகாது.”

“அம்மன் கோவிக்காதுங்க. பெரிய கங்காணி அம்மன் இல்லியே!” அவர் காதைச் சொறிந்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: “எம் பொண்டாட்டி கூடையும் ஒரு நாளு கவுந்துச்சுங்க. அதே கூடைய எடுத்தாறேன்.”

மஞ்சள் நீராட்டு திருவிழாவின் கடைசி நாள். பகல் முழுக்க ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார்கள். கேலிக்கு வரம்பில்லை. கேலியில் முகம் சுளிப்பவனை ஊர் வருஷம் முழுக்கச் சிரிக்கும். கங்காணி கோயில் முன்னால் நாற்காலி போட்டு, சப்பாத்துப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வேட்டியெல்லாம் மஞ்சள். நல்ல குஷியில் இருந்தான். என் மகள் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள். நான் கூட்டத்தின் பின்வரிசையில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பனி இறங்கியது. தப்பு மழுங்கியது. புல்லைக் கொளுத்தினார்கள்.

கோமாளி வட்டத்தின் நடுவில் கூடையை வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கோட்டும் தலைப்பாகையும் தடியுமாக வந்தார். நடையைப் பார்த்ததும் சிரிப்புக் கிளம்பியது. கங்காணியும் சிரித்தான். கீழ்ப் பிரிவுக் கங்காணியைச் சொல்கிறார்கள் என்று நினைத்தானாம், பிற்பாடு கேள்விப்பட்டேன். கோமாளி கூடை விளிம்பில் தடி நுனியை வைத்துத் தள்ளினார். கூடை கவிழ்ந்தது. வெறுங்கூடைதானே, ஒன்றும் கொட்டவில்லை.

ஆனால் அவர் தரையையே பார்த்தார். கொட்டிவிட்டதைப் பார்க்கிறவரைப் போலப் பார்த்தார். குனிந்து ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டார். இன்னொன்றை எடுத்தார். தடி இடைஞ்சல் என்று கீழே வைத்தார். தலைப்பாகை விழுந்தது, அதை எடுக்க நேரமில்லை. மண்டியிட்டார்.

சிரிப்பு நின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“அந்தா அங்க ஒன்னு!”

கோமாளி அங்கே தவழ்ந்தார்.

“இந்தா, இங்க ஒன்னு விட்டுட்டீங்க சாமி!”

இங்கே தவழ்ந்தார். அந்த வசனங்களை நான் எழுதவில்லை. மடுவத்தில் தலையைக் குனிந்து நின்ற அதே பெண்கள்தான் அவற்றைக் கொண்டுவந்தார்கள். நாலா பக்கமும் விரல்கள் நீண்டன. கோமாளி பொறுக்கிக்கொண்டே நாற்காலிக்குக் கிட்டப் போனார். கங்காணியின் சப்பாத்துக்கு அருகில் ஒன்றை எடுத்தார். பிறகு சப்பாத்தை உற்றுப் பார்த்தபடி கையை ஏந்திக் காத்திருந்தார்.

கங்காணி காலைத் தூக்கினான்.

அடியில் கொழுந்து கிடக்கிறது என்று தூக்கினான்! வெறும் மண்ணில், ஊர் முழுக்கப் பார்த்திருக்க, அவன் கண்ணுக்கும் அது தெரிந்துவிட்டது. கோமாளி அந்தச் சப்பாத்தின் அடியிலிருந்து எடுத்துக் கூடையில் போட்டார். தப்பு ‘டண்’ என்றது.

அப்படி ஒரு சிரிப்பை அந்த மலை அதற்கு முன்னால் கேட்டிருக்காது. தூக்கிய கால் அந்தரத்தில் நிற்க, அவன் முகம் மாறியதை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். இன்றும் தூக்கம் வராவிட்டால் அந்தக் காலைத்தான் நினைத்துக்கொள்வேன். அது எனக்குத் தித்திக்கிறது. அவன் எழுந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனான்.

தித்திப்பு வீட்டு வாசல் வரைதான். கதவு திறந்து கிடந்தது. மகள் இல்லை.

மனைவி லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொரு கதவாகப் போய்க் கேட்டாள். நான் ஓடையில் இறங்கிப் பார்த்தேன், பாறைக்கு ஓடினேன், பெயர் சொல்லிக் கூப்பிடப் பயந்து சும்மா ஓடினேன். அவன் ஆட்கள் தூக்கிப் போய்விட்டார்களா? நாடகத்தைக் கேள்விப்பட்டு வெட்கத்தில் எங்காவது குதித்துவிட்டாளா? பிற்பாடு நாங்கள் அந்தத் தோட்டத்தை விட்டுப் பதுளைக்கு வந்துவிட்டோம். ஆனாலும் அவள் கடைவீதிக்குப் போய்த் திரும்பச் சற்றுத் தாமதமானால் என் கால்கள் அந்த ஓடைக்குள்தான் நிற்கின்றன.

திரும்பி வந்தபோது வாசலில் கோமாளி நின்றார். முகத்தில் பாதி அரிதாரம்.

“வாத்தியாரய்யா, கூடையக் காணோங்க. வட்டத்துலதான் வெச்சேன். நாளைக்குப் பெரட்டுக்கு எம் பொண்டாட்டிக்கு வேணும். எவனோ எடுத்துட்டான்.”

“எம் பொண்ணக் காணோம்யா!” என்று கத்தினேன்.

அவர் எனக்குப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பினேன். கங்காணி பங்களாவிலிருந்து வருகிற பாதையில் என் மகள் வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. தலையிலிருந்து கால்வரை மஞ்சள் தண்ணீர். திருவிழாக் கூட்டத்துக்குள் நின்றிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் நேராக வந்து, அத்தனை நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“கூடைய அவுங்க வாசல்ல வெச்சுட்டு வந்தேம்ப்பா,” என்றாள். “இன்னும் ஒன்னு கெடக்கு, பொறுக்குங்கன்னு அவரு மூஞ்சியப் பாத்துச் சொன்னேன்.”