அம்மா களையெடுத்த கடல்

புல்லைக் கண்டால் அம்மாவின் கை சும்மா இருக்காது. புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பல வருஷம் லாலாங் புல் வெட்டிப் பழகிய கை. மாதா கோயில் பூசையிலும், பாதிரியார் பிரசங்கத்தை முடிப்பதற்குள் படிக்கட்டு இடுக்கில் முளைத்ததை எல்லாம் கிள்ளி முடித்திருப்பார்.

எழுபதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது வயதானபோது, அம்மாவும் நானும் கோலா கெடாவில் படகேறி லங்காவிக்குப் போனோம். வழியெல்லாம் அம்மா ஜெபமாலை உருட்டினார். கடலுக்குத்தான் பயம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் பயம் அங்கே இருந்த சித்தப்பாவிடம், அதாவது அம்மாவின் தங்கை புருஷனிடம். சின்னம்மாவின் கல்யாணப் பேச்சு நடந்த அன்று, “நண்டு பிடிக்கிறவனுக்கா என் தங்கச்சி?” என்று நாலு பேர் நடுவில் கேட்டவர் அம்மா. அதன்பிறகு ஐந்து வருஷம் போக்குவரத்தே இல்லை. சின்னம்மா நிறைமாதமாக இருப்பதாகக் கடிதம் வந்ததும் ரோஷத்தை மூட்டை கட்டிவிட்டு, ஒரு டின் முறுக்கோடு கிளம்பிவிட்டார்.

சித்தப்பா “வாங்க அண்ணி” என்றார். அன்று முழுவதும் அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலையில் விழித்துப் பார்த்தால் கடலைக் காணவில்லை. வீட்டு வாசலிலிருந்து கண்ணுக்கெட்டியவரை ஈர மணல். அதில் பச்சைப் பசேலென்று புல், முழ நீளத்துக்கு நாடா நாடாவாகப் படுத்துக் கிடந்தது. கடலுக்கு அடியில் புல் முளைக்கும் என்று எங்கள் தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை. சித்தப்பா நண்டு விற்கப் போயிருந்தார், சின்னம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

“பாவம், வாசல்ல இவ்ளோ புல்லு மண்டிக் கெடக்கு. வெட்ட ஆளு இல்ல போல” என்று அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். வெயில் ஏறுவதற்குள் வாசலுக்கு நேரே ஒரு பாத்தி அளவு சுத்தமாகிவிட்டது. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் எங்கள் மண்டோர் பார்த்திருந்தால் குறை சொல்ல இடமிருந்திருக்காது. சித்தப்பா வந்து பார்த்து மனம் குளிர வேண்டும் என்பதுதான் அம்மாவின் கணக்கு.

வெட்டிப் போட்ட குவியல் அசைவதை நான்தான் பார்த்தேன். விலக்கினால் நகக்கண் அளவு நண்டுகள், கண்ணாடி மாதிரி இறால் குஞ்சுகள். ஓர் இலையை வாலால் இறுகப் பிடித்தபடி, குதிரை முகத்தோடு விரலளவு மீன் ஒன்று. அதை உள்ளங்கையில் ஏந்தியபோது எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. எங்கள் தோட்டத்து லய வீட்டு வரிசையைப்போல அந்தப் புல்லுக்குள் வீட்டுக்கு வீடு குடியிருந்திருக்கிறார்கள்.

சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த சித்தப்பா வெட்டிய புல்லில் ஒரு பிடியை அள்ளிப் பார்த்தார். கத்தவில்லை.

“அண்ணி, இது களை இல்ல. நண்டுக் குஞ்சு வளர்ற எடம். இதுவும் போச்சுன்னா என் கூண்டுல என்னா விழும்?”

படகுத்துறைப் பக்கத்துப் புல்லெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டதாம். மிச்சம் இருக்கும் இந்தத் துண்டில் யாரும் வலை இழுக்காமல், நங்கூரம் போடாமல், அவரும் பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் காவல் காத்து வருகிறார்களாம்.

அம்மா சுடச்சுடப் பதில் கொடுப்பார் என்று காத்திருந்தேன். “தண்ணி ஏற இன்னும் எவ்ளோ நேரம்?” என்று மட்டும் கேட்டார்.

வேர் அறுபடாத புல்லைப் பொறுக்கி எடுத்தார். மூங்கிலைக் கீறிக் குச்சி சீவினார். நாற்றங்காலில் ரப்பர்க் கன்று நடுவதுபோல வரிசைக்குக் கயிறு பிடித்து, வேரை மணலில் புதைத்து, அலை பிடுங்காமலிருக்க ஒவ்வொன்றையும் குச்சி செருகி இறுக்கினார். சற்று நேரம் நின்று பார்த்த சித்தப்பாவும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். நான் முறுக்கு டின்னைக் கவிழ்த்துவிட்டு, கடல்நீர் மொண்டு, அகதிகளை எல்லாம் அதில் குடியேற்றினேன்.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. பிறகு முழங்காலுக்கு. அப்போதுதான் அது நடந்தது. செத்தாற்போலப் படுத்திருந்த புல் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. பழைய புல்லும், அம்மா நட்ட புல்லும், எங்கள் முன்னால் இருந்ததெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒரே பக்கமாக நிமிர்ந்தது. டின்னைச் சாய்த்தேன். அந்தக் குதிரைமீன் இரண்டு முறை தடுமாறி, அம்மா நட்ட புல் ஒன்றில் வாலைச் சுற்றிக்கொண்டது.

அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. அலை தெறித்தது என்று நினைத்தேன். “போதும் அண்ணி, மேல வாங்க” என்று சித்தப்பா கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்.

நட்டதில் பாதி பிழைத்துப் படர்ந்துவிட்டதாக மறுவருஷம் சித்தப்பாவே கடிதம் எழுதினார்.

ஆனால் அந்த முறை ஊர் திரும்பும் படகில் நான் அம்மாவோடு பேசவே இல்லை. “நண்டு பிடிக்கிறவனுக்கா” என்று அவ்வளவு பெரிய பேச்சைப் பேசிய மனுஷி, கிளம்பும்போதாவது சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று அந்த ஒன்பது வயதில் எனக்கு அத்தனை கோபம்.