சாப்டாச்சா என்று கேட்ட பிறகு

மூன்று வருடங்களுக்கு முன், ஓணம் முடிந்த அடுத்த வாரம் நடந்தது இது. திருவனந்தபுரம் ஆரியசாலையில் எனக்கு வத்தல், மல்லி மொத்த வியாபாரம். கடையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வீடு. மாடியில் ஒரு போர்ஷன், அதில் நானும் என் மனைவியும் மட்டும். ஒரே மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான்.

என் மனைவிக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவள் பிறந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. யாரிடம் என்ன பேச வேண்டியிருந்தாலும் முதலில் "சாப்டாச்சா?" என்று கேட்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் விஷயம். கேட்காமல் நேராக விஷயத்துக்குப் போவது அவளுக்கு செருப்புக் காலோடு பூஜை அறைக்குள் நுழைகிற மாதிரி. மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவரிடம்கூட "ஊணு கழிச்சோ?" என்று மலையாளத்தில் விசாரித்துவிட்டுத்தான் பில் எவ்வளவு என்று கேட்பாள்.

நான் அதற்கு நேர் எதிர். கடையில் போன் வந்தால் எனக்குப் பத்து விநாடி போதும். "சொல்லு. எத்தனை சாக்கு? சரி, வை." எங்கள் தெருவில் எல்லா வியாபாரிகளும் அப்படித்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவளை நான் கேலி செய்வேன். "வீட்டுல தீப்பிடிச்சாலும் நீ ஃபயர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு முதல்ல சாப்டாச்சான்னுதான் கேப்ப" என்பேன். அவளும் சிரிப்பாள். "பின்னே? அவங்களும் மனுஷங்கதானே" என்பாள். முப்பது வருடம் இந்தக் கேலியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கி அவளுக்குப் பார்வை போய்விட்டது. லேசர், ஊசி என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ஜன்னல் பக்கம் வெளிச்சம் இருக்கிறது என்று மட்டும் தெரியும், அவ்வளவுதான். நான் கடைக்குப் போகும் நேரத்துக்கு ஒரு சேச்சி வந்து துணைக்கு இருந்தார். விழிஞ்ஞத்துக்காரர். சமையல், மாத்திரை எல்லாம் அவர் பொறுப்பு. என் மனைவி தமிழில் பேச, அவர் மலையாளத்தில் பேச, இரண்டு பேருக்கும் பொழுது போவதே தெரியாது. அவருடைய மகளுக்குப் பிரசவம் வந்தபோது நாலு மாதம் வர முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு ஆள் தேட வேண்டும். நான் தேடவில்லை. அந்த மாதம்தான் மகன் லீவில் வந்து, பேச்சைக் கேட்டு வேலை செய்யும் புது போன் ஒன்றை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தான். அதை எழுப்ப ஒரு சொல் உண்டு. அதைச் சொன்னால் டிங் என்று சத்தம் கேட்கும். பிறகு நமக்கு வேண்டியதைத் தமிழில் சொன்னால் போதும். மணி சொல்லும், பாட்டுப் போடும், போன் போட்டுத் தரும். என் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாள் என்பதால் என் நம்பரை "அவங்க" என்ற பெயரிலேயே பதிந்து வைத்திருந்தான். "அவங்களுக்குப் போன் போடு" என்றால் என் கடையில் மணி அடிக்கும். எனக்கு ரொம்பத் திருப்தி. இனிமேல் எதற்கு ஆள், அதுதான் போன் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

அவளுக்கு அந்தப் போன் ஒரு பெண். "அந்தப் பொண்ணு" என்றுதான் சொல்வாள். எழுப்பியதும் தன் வழக்கப்படி, "ஏம்மா, சாப்டாச்சா?" என்று கேட்பாள். அது, "நான் சாப்பிடுவதில்லை. உங்களுக்குச் சமையல் குறிப்புகள் தேடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, சாம்பார், அவியல் என்று ஏதோ பட்டியலைத் திறந்து வைத்துவிட்டு அடங்கிவிடும். இவள் அதற்கப்புறம் சொல்ல வேண்டிய விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருப்பாள். கேட்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

மகன் போனில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். "அம்மா, அது மெஷீன், கேட்டியா. நேரா விஷயத்தைச் சொல்லும்மா." இவள் கேட்டால்தானே? "எடுத்ததும் வேலை ஏவுனா நல்லாவா இருக்கும்?" என்றாள். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். முதல் தடவை எழுப்பி நலம் விசாரிப்பாள். அது பதில் சொல்லி அடங்கியதும், இரண்டாவது தடவை எழுப்பி வேலையைச் சொல்வாள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு அழைப்பு. நானும் மகனும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அன்றைக்குக் காலை கடையில் இரண்டு லாரி ஒன்றாக வந்து நின்றுவிட்டது. ஆரியசாலைத் தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு லாரி நின்றாலே மூச்சு முட்டும். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். சுமை இறக்கும் யூனியன்காரர்கள் எந்த லாரியை முதலில் இறக்குவது என்று என்னைப் பார்க்கிறார்கள். வத்தல் நெடியில் எல்லோருக்கும் தும்மல். அப்போது போன் அடித்தது. அவள் நம்பர்.

எடுத்தேன். "சாப்டாச்சா?" என்றாள்.

"ஆச்சு ஆச்சு. லோடு இறங்குது, பெறவு பேசு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பத்து விநாடி ஆகியிருக்காது.

அவள் குரலில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நான் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை. மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்குப் போகிறவன், அன்றைக்கு அந்த இரண்டாவது லாரியால் கிளம்பவே நாலு மணி ஆகிவிட்டது. "பெறவு" அவள் கூப்பிடவில்லை என்பதும் என் மனதில் படவில்லை. கூப்பிடவில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம் என்று இருந்துவிட்டேன்.

கதவைத் திறந்து உள்ளே போனால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டு இடது கையை மட்டும் அசைத்தாள். போன் மேஜையில் இருந்த இடத்திலேயே இருந்தது. கீழ்வீட்டுக்காரர் உதவியோடு தூக்கி, அவருடைய காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் கூப்பிடல? ஏன் கூப்பிடல?" என்று நான் அவளைத்தான் திட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் சோதித்துவிட்டு, "ஸ்ட்ரோக்கு. எப்ப தொடங்கிச்சு?" என்று கேட்டார். பதினோரு மணிக்கு முன்னால் போனில் நன்றாகப் பேசினாள் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "கொறச்சு நேரத்தே வந்திருந்தா ஒரு இஞ்செக்‌ஷன் உண்டு. இனி அது கொடுக்க பற்றில்லா" என்றார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கொடுத்திருக்கலாம், இனி முடியாது என்று அர்த்தம். அவர் அதை மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார்.

மறுநாள் மகன் வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அம்மாவின் போனை நோண்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று அசையாமல் ஆகிவிட்டான். என்னடா என்றேன். ஒன்றுமில்லை என்றான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிடுங்காத குறையாகப் போனை வாங்கினேன். அந்தப் போனிடம் சொல்வதெல்லாம் குரலோடு சேமிக்கப்படும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இன்ன நாள், இத்தனை மணி, இத்தனை நிமிடம் என்று வரிசையாக இருந்தது.

"வேண்டாம்ப்பா" என்றான். நான் கேட்கவில்லை. போட்டுக் காட்டச் சொன்னேன்.

பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு முதல் பதிவு. "ஏம்மா, சாப்டாச்சா?" அது சமையல் குறிப்பு தேடட்டுமா என்று கேட்டிருந்தது. அடுத்த நிமிடமே இரண்டாவது பதிவு. "ஏம்மா... வலது கை மரத்துப்போன மாதிரி இருக்கு. நாக்கும் ஒரு மாதிரி தடிச்சுக்கிட்டு வருது. பயமா இருக்கும்மா. அவங்களுக்குப் போன் போடு." அவள் குரல் லேசாகக் குழறியிருந்தது. போன் எனக்கு வந்தது அப்போதுதான்.

அதாவது, விஷயம் முழுவதையும் அவள் அந்த மெஷீனிடம் சொல்லியிருக்கிறாள். கை மரத்துவிட்டது, நாக்கு தடிக்கிறது, பயமாக இருக்கிறது. இத்தனையும் கேட்டுக்கொண்டு, அது கடைசி வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு நம்பரைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டது. என்னிடம் வந்தபோது, அவள் முறைப்படி முதலில் சாப்டாச்சா என்று கேட்டாள். நான் வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஏழு பதிவுகள். எழுப்பும் சொல் மட்டும் எப்படியோ வந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்தது பேச்சே இல்லை. வெறும் சத்தம், இழுப்பு. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பொண்ணு அதே இனிமையான குரலில், "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள்" என்றது. ஏழு தடவை. ஏழாவதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இருந்த பேச்சை எல்லாம் அவள் அந்தப் பொண்ணையும் என்னையும் சாப்டாச்சா என்று விசாரிப்பதிலேயே செலவழித்துவிட்டாள்.

அந்தப் போனைத் தரையில் அடிக்கத்தான் கையை ஓங்கினேன். மகன் பிடித்துக்கொண்டான். "மனுஷியா இருந்தா ஒரு சத்தமாவது போட்டிருக்குமேடா, யாரையாவது கூப்பிட்டிருக்குமே!" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அந்தக் காலை அவளிடம் பேசிய மனுஷன் நான் ஒருவன்தான் என்பது எனக்கே உறைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். அவன் அதை இன்றுவரை என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. ஆனால் முழுதாகப் போகவில்லை. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருக்கிறது. "சாப்டாச்சா?" அது மட்டும் தெளிவாக வருகிறது. சிலருக்கு வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வார்த்தை மட்டும் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். தண்ணீர் வேண்டுமா, சாப்டாச்சா. வலிக்கிறதா, சாப்டாச்சா. அழும்போதும் அதுதான். கண்ணும் தெரியாது, எழுதுகிற கையும் வராது, எழுதிக் காட்டவும் வழியில்லை. சேச்சி செய்தி கேட்டு ஓடி வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு இவள் "சாப்டாச்சா, சாப்டாச்சா" என்று ஒரு மணி நேரம் என்னென்னவோ சொன்னாள். சேச்சி "கழிச்சும்மா, கழிச்சு" என்று அழுதுகொண்டே இருந்தார்.

போன ஓணத்துக்கு மகன் இன்னொரு போன் கொண்டு வந்தான். "இது பழையது மாதிரி இல்லப்பா. நடுவுல வெட்டாது, பேசி முடிக்கிற வரைக்கும் வெயிட் பண்ணும். குழறினாலும் புரிஞ்சுக்கும். இனி வரப்போறதெல்லாம் இப்படித்தான்" என்றான். பாவம், அவனுக்கும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று இருக்கிறது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் வைத்து எழுப்பினான்.

"சாப்டாச்சா?" என்றாள்.

"கேட்டதற்கு நன்றி. நீங்கள் சாப்பிட்டீர்களா? இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?" என்றது. அவ்வளவு இதமான குரல். இவள் முகம் மலர்ந்துவிட்டது. மறுபடி "சாப்டாச்சா?" என்றாள். அது சொன்னது, "அவசரமில்லை. நீங்கள் சொல்ல நினைப்பதை நிதானமாகச் சொல்லுங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்." சொன்னபடியே காத்திருந்தது. திரையில் ஒரு வெளிச்சம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வாய் ஏதோ சொல்ல முயன்று முயன்று, பிறகு முகம் சுருங்கி, தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மகன் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டான். நான்தான் அதை அணைத்தேன்.

அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும். இனிமேல் வருகிற மெஷீன்கள் பொறுமையாகக் கேட்கும், கை மரத்துவிட்டது என்றால் ஆம்புலன்சைக் கூப்பிடும், எல்லாம் செய்யும். வேறு யார் வீட்டிலாவது அதனால் யாராவது பிழைப்பார்கள். பிழைக்கட்டும். எங்கள் வீட்டுக்கு அது பிந்திப்போய்விட்டது.

கடையை இப்போது பங்காளியிடம் விட்டுவிட்டேன். பகல் முழுக்க அவள் பக்கத்தில்தான் இருக்கிறேன். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சாப்டாச்சா என்று கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும், "ஆச்சும்மா, நீ சொல்ல வந்ததைச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் வர வேண்டிய அந்த விஷயத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த மூன்று வருடத்தில் அது ஒரு தடவைகூட வரவில்லை.